காற்றுக்கு ஆண்டுச் சந்தா

அப்பா இறந்த பதினோராம் நாள் அவருடைய போனுக்கு வங்கியிலிருந்து செய்தி வந்தது. ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டது, பணம் எடுக்கப்பட்டது. எதற்குச் சந்தா என்று இல்லை. கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது.

அம்மா போனை மகளிடம் நீட்டினாள்.

"யாரோ ஏமாத்தியிருக்கான். உங்கப்பாவை ஏமாத்த ஆளே பொறக்கலன்னு இருந்தேன். அவர் போனதும் வந்துட்டான் பாரு."

"இரும்மா. என்னன்னு பார்க்கறேன்."

"பார்க்க என்ன இருக்கு? திருப்பி வாங்கு. காசு பெரிசில்ல. அந்த மனுஷன் ஏமாந்துட்டார்னு பேர் வரக் கூடாது."

அந்த மனுஷன் முப்பத்தொரு ஆண்டு கோபுரக் கிரேன் ஓட்டியவர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடு கயிற்றில் மேலே போகும். கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மேல்வீட்டுக்காரர். கீழே நிற்பவன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், சுமைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறக்க மாட்டார். ஒயர்லெஸ்ஸில் "அடியில பாத்தியா?" என்பார். பார்த்தேன் என்றால் இன்னொரு முறை கேட்பார்.

மகளுக்கும் அதே வியாதி. தராசு, வெப்பமானி, அழுத்தமானி என்று ஆய்வகக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவள் தொழில். ஒரு ஒயர் எங்கே போகிறது என்று தெரியாமல் அதைப் பிடுங்க மாட்டாள். சந்தாவை ரத்து செய்யும் முன் அது என்ன என்று திறந்து பார்த்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

போனின் மூன்றாம் பக்கத்தில், கால்குலேட்டருக்குப் பக்கத்தில் ஒதுங்கியிருந்தது அந்தச் செயலி. காற்று முன்னறிவிப்பு. மணிக்கு மணி வேகம், திசை. பாய்மரப் படகுக்காரர்களுக்கு உதவும். கிரேன்காரருக்கும் உதவும், ஆனால் அவர் கிரேனை விட்டு இறங்கி நாலு வருடம் ஆகிறது. வேலையில் இருந்தபோதும் கூண்டிலேயே காற்றுமானி இருந்தது. பிறகு எதற்கு?

சேமித்த இடங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரே இடம். அவர்கள் வீடு. தரையிலிருந்து உயரம், பன்னிரண்டு மீட்டர்.

நாலாவது மாடி. பால்கனி. துணிக்கொடி.

ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஒரு வித்தை காட்டத் தொடங்கியிருந்தார். ஜன்னலருகே போவார். கண்ணைச் சுருக்குவார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சுவார். "மூணரைக்குக் காத்து எழும்பும். துணியை எடுத்துடு." மூன்றரைக்குக் காற்று எழும்பும். அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் வானத்துலயே குடியிருந்தவர், அவர்கிட்ட வானம் பேசும் என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். எதிர்வீட்டம்மா இவர் கதவைத் தட்டிக் கேட்காமல் போர்வை துவைப்பதில்லை.

மகள் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நிறுவனத்துக்கு நாலு வரி எழுதினாள். இறப்புச் சான்றிதழை இணைத்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. புதுப்பித்த பிறகு பயன்படுத்தாத கணக்குக்குத்தான் பணம் திரும்பும். இந்தக் கணக்கு அதன் பின் நான்கு முறை திறக்கப்பட்டிருக்கிறது.

நான்கு முறையும் திறந்தவள் அவள்தான்.

வங்கியின் புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: இந்தச் சேவையைக் கேட்கவில்லை, தெரியாமல் பணம் எடுக்கப்பட்டது. டிக் அடித்தால் பணம் வந்துவிடும். அம்மா நம்புவதும் அதைத்தான். ஆனால் அப்பாவின் மின்னஞ்சலில் நாலு வருட ரசீதுகள் வரிசையாக இருந்தன. கருவி காட்டாத அளவை எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. படிவத்தை மூடிவிட்டு நிறுவனத்துக்கே போன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எடுத்தவன் சின்ன வயதுக்காரன். "மேடம், கணக்கை நாலு தடவை திறந்திருக்காங்க. அதுவும் அவர் இறந்ததுக்கு அப்புறம்."

"அவரே வந்து திறந்தார்னு நினைக்கறீங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்ல வரல மேடம்."

"நான்தான் திறந்தேன். என்னன்னு தெரியாம மூட முடியல."

"எங்க சிஸ்டத்துக்குப் பார்க்கறதும் பயன்படுத்தறதும் ஒண்ணுதான் மேடம்."

அம்மா குறுக்கே புகுந்தாள். "தம்பி, எங்க வீட்டுக்காரரை ஏமாத்திட்டு சிஸ்டம் கிஸ்டம்னு கதை விடாதே."

"இல்லம்மா, அவரே சேர்ந்ததுதான். நாலு வருஷமா தினமும் ரெண்டு மூணு தடவை பார்த்திருக்கார், உங்க வீட்டுல எப்ப காத்து வரும்னு."

மகள் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

"எங்க மேலாளரைக் கேட்டுட்டு வரேன், லைன்லயே இருங்க" என்றான்.

அம்மா அப்பாவின் போனை எடுத்தாள். "காட்டு."

மகள் காட்டினாள். அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"பத்து நாள் முன்னாடியே தெரியுதே. என்கிட்ட மூணு மணி நேரம் முன்னாடிதானே சொல்வார்?"

"பத்து நாள் முன்னாடி சொன்னா நீ நம்பியிருப்பியா?"

"மாட்டேன்." அம்மா மறுபடி திரையைத் தள்ளினாள். "மூக்கை உறிஞ்சினது?"

"அது இதுல இல்லம்மா. அது அவர் சொந்தச் சரக்கு."

"திருட்டு மனுஷன்." அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மகள் குனிந்து பார்த்தாள். சிரிப்புதான். "ஊரை எல்லாம் விட்டுட்டு என்னை ஏமாத்தியிருக்கார். சில நாள் தப்பாவும் சொன்னாரேடி?"

"அன்னிக்கு இதுவே தப்பாக் காட்டியிருக்கும்."

"இல்ல. வேணும்னே தப்பாச் சொல்லியிருப்பார். எல்லாம் சரியாச் சொன்னா எனக்குச் சந்தேகம் வரும்ல?"

மகள் இதை யோசிக்கவில்லை. செயலியில் பழைய நாட்களைத் தேடினாள். வரப்போகும் காற்றுதான் இருந்தது. அடித்து ஓய்ந்த காற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சரிபார்க்க வழியில்லை.

"மேடம், இருக்கீங்களா? மேலாளர் ஒத்துக்கிட்டார். பணம் எடுத்ததே அவர் இறந்ததுக்கு அப்புறம்தானே. ஆனா திருப்பிக் கொடுத்தா கணக்கு இப்பவே மூடிடும். மூடட்டுமா, வெச்சுக்கறீங்களா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"மூடுப்பா. அவர் சொன்னார், கேட்டேன். இது சொன்னா நான் எதுக்குக் கேக்கணும்?"

பிறகு மகளின் காதருகே குனிந்தாள். "எதிர்வீட்டுல மூச்சு விடாதே. அவர் வானத்தைப் பார்த்துத்தான் சொன்னார்."

"சரிம்மா."

"சத்தியமா?"

"நானும் சொல்ல மாட்டேன்மா" என்றது ஸ்பீக்கர்.