எலுமிச்சம்பழத்தை இருபத்தைந்தால் வகுத்தால்...

1. ஆயுத பூஜையன்று எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வண்டிகள் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் நின்றன.

2. நான்கு வண்டிகள் எஸ்டேட்டுடையவை. ஐந்தாவது என்னுடையது.

3. ஐந்தாவதின் நீளம் ஆறு அங்குலம்.

4. அதன் சக்கரத்தடியில் வைக்க எடுத்த எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிட உயரமாக இருந்தது.

5. அது வண்டியா இல்லையா என்று ஒரு வழக்கே நடந்தது. தோற்றால் எனக்கு இனி லேத் கிடையாது.

வரிசை எண் போடாவிட்டால் எனக்குப் பேனா நகராது. பழகிய வாசகர்கள் பொறுத்துக்கொள்வீர்கள். இனி விவரம்...

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிவாசல் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் எனக்கு வேலை. படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன் — ஆர்டரில் அப்படித்தான் டைப் அடித்திருந்தார்கள், நானும் திருத்தச் சொல்லவில்லை. சொந்த ஊர் வேலந்தாவளம். வயலும் மாடுமாக இருக்கும் எங்கள் குடும்பத்தில் மெஷின் படம் வரையக் கிளம்பியவள் நான் ஒருத்திதான்.

இந்த ஆறு அங்குல வண்டி எப்படி வந்தது? கப்பலில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஜூன் மாதம் லீவில் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தான். உள்ளே நூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகள். மூடியில் கூரையில்லாத, இரண்டே சீட் உள்ள ஒரு காரின் படம். இந்த மாதிரி வண்டிக்கு அமெரிக்காவில் ஹாட் ராட் என்று பெயராம். பழைய கார் ஒன்றைப் பிடித்து, மட்கார்டைக் கழற்றி, பானட்டையும் கழற்றி, உள்ளே அடங்காத அளவு பெரிய எஞ்சினைத் திணித்து, அது வெளியே தெரிகிற மாதிரி ஓட்டுவார்களாம். என் பெட்டியில் இருந்தது அந்த நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அங்கே இருபத்தைந்து அங்குலம் என்றால் இங்கே ஓர் அங்குலம்.

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, பாதி வண்டிதான் குடுத்துட்டானா?"

அவர் சொன்னது ஒரு விதத்தில் சரியாகத்தான் போயிற்று. மலைக்கு வந்து லிஸ்ட் போட்டுச் சரிபார்த்தால், சக்கரங்கள் இல்லை. டியூபில் இருந்த பசையும் கல்லாகிவிட்டது. வருத்தப்பட வேண்டிய விஷயம்தான்... ஆனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எல்லாம் இருந்திருந்தால் ஒட்டுவதோடு வேலை முடிந்திருக்குமே!

பசைக்குப் பதில் பெயின்ட் தின்னர். ஒரு சொட்டு போதும் என்ற இடத்தில் இரண்டு சொட்டு விட்டதில், வேண்டுமானால் மாட்டிக்கொள்ளக் கொடுத்திருந்த மட்கார்டுகளில் ஒன்று அப்பளம் மாதிரிச் சுருண்டது. ஹாட் ராடுக்கு மட்கார்டு எதற்கு? மற்ற மூன்றையும் ஒட்டாமல் விட்டேன். முன்பக்க கிரில்லுக்குத் தேயிலை சலிக்கும் கம்பி வலையில் ஒரு துண்டு. புகைக்குழாய்க்கு, மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில். ஹெட்லைட்டுக்கு ரவிக்கையின் பிரஸ் பட்டன். சீட்டுக்கு, ஜீப்பில் கிழித்துப் போட்ட சிவப்பு ரெக்சின். உடம்புக்கு, அதே ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய பச்சை.

ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. அதைப் பொறுக்காதவர் சுடலைமுத்து அண்ணன். எஸ்டேட் லாரி டிரைவர். வாரத்துக்கு இரண்டு நடை போடிமெட்டு மலைப்பாதை வழியாக இறங்கி ஏறுகிறவர்.

"ஏ தாயி, இந்தப் பக்கம் உக்காந்தா மெட்டு வளைவுல எதுக்க வாரவன் எப்படித் தெரிவான்?"

"அமெரிக்கா வண்டிங்கண்ணா. அங்கெல்லாம் அப்படித்தானுங்க."

"அங்க ஓட்டட்டும். இது இங்கதான கெடக்கு? இங்கத்த ரோட்டுக்குத்தான செய்யணும்?"

நியாயம்தான். ஸ்டீரிங்கை அறுத்து வலது பக்கம் மாற்றினேன்.

சக்கரம் கடையத்தான் லேத் தேவைப்பட்டது. அதன் சாவியும், எந்த வேலைக்கு ஓடியது என்று எழுதும் லாக் புக்கும் ஃபோர்மேன் ராகவன் சேட்டனிடம். சனிக்கிழமை மதியம் மெஷின் சும்மா இருக்கிறதே, கழிவுப் பித்தளையில் பழகிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"பழகிக்கோ குட்டி. பக்ஷே, லாக் புக் எழுதணும்."

நான்கு சனிக்கிழமைகள், நான்கு சக்கரங்கள். அதுவரை மெஷின்களை வரைந்திருக்கிறேன். ஓட்டியதில்லை. முதல் நாள் பித்தளைத் தூள் மஞ்சள்பொடி மாதிரிக் கைமேல் தெறித்ததே... அன்று சாயங்காலம் கை கழுவவே மனசு வரவில்லை. நான்கு சக்கரத்துக்கும் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் வாஷரை டயராக மாட்டினேன். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக். லாக் புக்கில் 'வண்டிச் சக்கரம்' என்று எழுதினேன். பொய் இல்லையே?

ஆயுத பூஜையன்று லாக் புக்குக்கும் சந்தனம் வைப்பது வழக்கம். வைக்கப் போன சேட்டன் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"ஏது வண்டியாக்கும் இது? ஜீப்போ, லாரியோ?"

மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. மேஜை டிராயரிலிருந்து எடுத்து வந்து, டிராக்டருக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. சேட்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"இது களிப்பாட்டமல்லே!"

களிப்பாட்டம் என்றால் மலையாளத்தில் விளையாட்டுச் சாமான். சேட்டன் கெட்டவரில்லை, கணக்கானவர். கம்பெனி லேத்தில் களிப்பாட்டம் செய்தால் எழுதிய வரியை வெட்ட வேண்டும், இனிமேல் சாவியும் தர முடியாது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சுடலையண்ணன் லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். கையில் எலுமிச்சம்பழத் தட்டு.

"சேட்டா, பொம்மையா வண்டியான்னு நம்ம என்ன சொல்லுறது? பழம் சொல்லட்டும். ஏறி நசுக்கிட்டா வண்டி. இல்லன்னா பொம்ம. தாயிக்குச் சம்மதமா?"

"சம்மதமுங்க."

"ங்க போட்டே ஆளக் கவுத்துருவா இவ" என்றார் அண்ணனின் லாரி கிளீனர். சேட்டனுக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி. பழம் பறயட்டே" என்றார்.

பழத்தை வைத்தார்கள். சக்கரம் பழத்துக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. மறுபடியும் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டேன். வண்டி இருபத்தைந்தில் ஒன்று என்றால் பழமும் இருபத்தைந்தில் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒன்றே முக்கால் அங்குலப் பழம். அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்ன?

கடுகு.

கேன்டீனுக்கு ஆள் ஓடியது. நான்கு கடுகை, உருளாமல் இருக்கச் சந்தனத்தில் தொட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சிமென்ட் தரையில் ஒட்டினேன். ஒரு விரலால் வண்டியைத் தள்ளினேன். ஏறியது. இறங்கியது. குனிந்து பார்த்தால்... நான்கு கடுகும் முழுசாக இருந்தன. அவற்றின் முகத்தில் சந்தனம் வேறு.

"கடுகு ஜயிச்சு" என்றார் சேட்டன்.

ஏன் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. நீளத்தை இருபத்தைந்தால் வகுத்தால் எடை அதோடு நிற்காது. அகலமும் உயரமும் கூடவே சுருங்குவதால் பதினைந்தாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். கடுகின் கெட்டித்தனம் அப்படி இறங்குவதில்லை. யோசித்துப் பாருங்கள். வண்டியைச் சின்னதாக்கலாம், பழத்தைச் சின்னதாக்கலாம், பிடிவாதத்தை மட்டும் ஸ்கேல் வைத்துக் குறைக்க முடிகிறதா? சேட்டனுடையதைச் சொல்லவில்லை. என்னுடையதைத்தான்.

இதையெல்லாம் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். வண்டியை எடுக்கக் குனிந்தேன்.

"ஏ, பொறு பொறு" என்றார் சுடலையண்ணன். "வண்டில டிரைவரே ஏறல. அதுக்குள்ள தீர்ப்பா? சேட்டா, ஆள் இல்லாத லாரி பழத்து மேல ஏறுமா?"

சேட்டன் யோசித்தார். "டிரைவர் இல்லாதெ ஒரு வண்டியும் ஓடாது. அது செரியாணு."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் மண்டிபோட்டு, வண்டியை மறுபடி கடுகுக்குப் பின்னால் இழுத்து வைத்தார். வலது கட்டைவிரலை வேட்டியில் துடைத்தார். கூரையில்லாத வண்டி அல்லவா... கட்டைவிரலை நேராக வலது சீட்டில், சிவப்பு ரெக்சின் மேல் உட்காரவைத்தார். மூடிய காராக இருந்திருந்தால் இதற்கு வழியே இல்லை.

"ரைட்" என்றார். யாருக்குச் சொன்னாரோ.

அழுத்தித் தள்ளினார். லாரி கியர் போடுகிற பலம். எனக்கு ஸ்போக் மேல்தான் கண். வளையுமா? தின்னர் போட்ட ஒட்டு விடுமா? சக்கரத்தின் ஓட்டை ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் இப்போது தெரிந்துவிடும். நான்கு சனிக்கிழமையும் அதில்தான் இருந்தது.

பட். பட். பட்... கொஞ்சம் கழித்து, பின்னால், பட்.

சேட்டன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கடுகாகப் பார்த்தார். நான்கும் இரண்டு பாதி. பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைச் சுண்டிவிட்டு, சுற்றுவதைப் பக்கவாட்டில் பார்த்தார். ஆட்டம் இல்லை. கீழே வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஃபேக்டரிக்கு வந்த இரண்டு வருஷத்தில் நான் வரைந்த எந்தப் படத்துக்கும் அவர் அதைச் சொன்னதில்லை.

இன்றைய நிலவரம்: லாக் புக்கில் அந்த வரிகள் வெட்டப்படவில்லை. பக்கத்தில் சேட்டன் சிவப்பு மையில் 'வண்டி 5, டிரைவர் சுடலைமுத்து' என்று எழுதியிருக்கிறார். சனிக்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணிவரை லேத் எனக்கு. ஸ்டீரிங் மட்டும் டிரைவரின் விரல் பட்டு ஒடிந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை பித்தளையில் ஒன்று கடைய வேண்டும் — வலது பக்கத்துக்கு.