துரையின் கரண்டியும் கால் தூக்கிய சிங்கமும்

கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்கும் முன் கரண்டியைத் திருப்பிப் பார்ப்பவள் நான். என் மகள்களுக்கு இதில் மானமே போகிறது. "அம்மா, அது பிளாஸ்டிக் லா, அதுல என்ன தேடுற?" என்று சின்னவள் காதைக் கடிப்பாள். கரண்டியின் முதுகைப் படிக்கத் தெரியாமல் ஒரு காலத்தில் நான் அடித்த கூத்து அவளுக்குத் தெரியாது.

லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். துரை தப்பி ஓடுகிற அவசரத்திலும் ஒரு மரப்பெட்டியை இவர் கையில் கொடுத்து, திரும்பி வந்து கேட்பேன், பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே பளபளவென்று பன்னிரண்டு கரண்டிகள், பியூட்டர் என்கிற வெள்ளீயக் கலவையில் செய்த இரண்டு குவளைகள், குழம்பு ஊற்றும் சின்ன அகப்பை ஒன்று. இவர் பெட்டியை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வார். புதுப் பெண்டாட்டியை இப்படி எட்டிப் பார்க்கக் காணோமே என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

ஒருநாள் பக்கத்து லயத்து வீடுகளில் ஜப்பான் சிப்பாய்கள் புகுந்து சட்டி பானையைக் கவிழ்த்துத் தேடினார்கள். இவர் மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். கரண்டிகளின் முதுகில் நான்கு இங்கிலீஷ் எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கட்டத்துக்குள். குவளைகளின் அடியில் சிறகு வைத்த ஒரு பெண்ணும் சில எழுத்துகளும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பாத்திரத்தில் எழுத்து இருந்தால் அது என்ன என்று எந்தத் தமிழச்சிக்குத் தெரியாது? சீர் கொடுக்கும்போதே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித்தானே கொடுக்கிறோம்? கோயில் கூழுக்கு இரவல் போன அண்டா வீடு திரும்புவது அந்தப் பெயரை வைத்துத்தான். ஆக, இது துரையின் பெயர். வெள்ளைக்காரன் பெயர் போட்ட சாமான் எங்கள் வீட்டில் அகப்பட்டால் இவர் தலை தப்பாது.

ரப்பர் பால் வெட்டும் கத்தியைத் தீட்டுகிற கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையெல்லாம் தேய்த்தேன். விரல் தோல் உரிந்தது. கடைசியில் அகப்பை. அதன் முதுகில் ஓரிரு எழுத்து, சில்லறை அடையாளங்களோடு, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு சிங்கம் நடந்துகொண்டிருந்தது. மாரியம்மன் ஏறி வரும் வாகனத்தை எப்படித் தேய்ப்பது? கை வரவில்லை. கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மாலையில் இவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு கரண்டியைத் தடவிக்கொண்டே, "தொர கேட்டா என்னா சொல்றது புள்ள?" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் இவரைக் காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். கண் மஞ்சளாகி, என்னை அடையாளம் தெரியாமல் அவருடைய அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை இல்லாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கையை விரித்தார். பக்கத்து ஊரான ராசாவில் நானா என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் இருக்கிறதாம், ஆனால் ஜப்பான் நோட்டு வாங்கமாட்டாராம், வெள்ளிச் சாமான் கேட்கிறாராம். அடுத்த வீட்டு அக்காவை இவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். கரண்டிகளையும் குவளைகளையும் துணியில் சுற்றி, மேலே மரவள்ளி இலையைப் பரப்பி, கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் ராசாவுக்கு நடந்தேன்.

நானா நல்ல மனிதர். வாசல் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கண்ணாடி வில்லையை எடுத்துக் கரண்டியைப் பார்த்தார்.

"முத்திர எங்கம்மா?"

"தொர பேரு போட்டிருந்திச்சி நானா. பயந்து தேச்சிட்டேன்."

"நாலு எழுத்தா? கட்டம் கட்டமா?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தங்கச்சி, நான் பாத்த பங்களாவுலல்லாம் அந்த நாலு எழுத்துதான் லா. எல்லாத் தொரைக்கும் ஒரே பேரா? அது முலாம் பூசுன சாமான்னு பட்டறைக்காரன் அடிக்கிற அடையாளம். பாரு, நீ தேச்ச எடத்துல உள்ள இருக்கற மஞ்ச தெரியுது."

குவளைகளைத் தட்டிப் பார்த்து, வெறும் வெள்ளீயம் என்று ஒதுக்கி வைத்தார். மிச்சம் இருந்தது அகப்பைதான். அகப்பையைக் கொடுக்கிற எண்ணமே இல்லை, அது அம்மன் சொத்து என்று மடியில் செருகியிருந்தேன். "தாயே, மன்னிச்சிக்க" என்று மனதுக்குள் சொல்லி எடுத்து நீட்டினேன்.

நானா வெளிச்சத்துக்குப் போனார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியல. இந்த எழுத்த நான் எங்கயும் பாத்ததில்ல. ஆனா இந்தச் சிங்கத்த நல்ல வெள்ளிக்கு மட்டுந்தான் அவங்க ஊர்ல அடிப்பாங்க. இது போதும்மா."

கரண்டி, குவளைகளை என் கூடையிலேயே திருப்பி வைத்து மாத்திரைகளைப் பொட்டலம் கட்டியவர், கூடவே ஒரு துண்டு வெல்லம் வைத்தார். "கசக்கும். பின்னாடியே இதக் குடு," என்றார். அந்த வெல்லத்துக்குத்தான் நான் அழுதேன்.

இவர் பிழைத்தார். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்று நடந்ததையெல்லாம் சொன்னேன். பெட்டியைத் துடைத்து மூடி வைத்தார்.

ஜப்பான்காரன் போன பிறகு துரை திரும்பி வந்தார், பாதி உடம்பாக. நாங்கள் இருவரும் பெட்டியோடு பங்களாப் படியின் கீழே நின்றோம். துரை திறந்து பார்த்து, தோட்டத் தமிழில் கேட்டார்.

"அகப்ப எங்கே?"

"நான் வித்துட்டேன் தொர. காய்ச்சலுக்கு மருந்து வாங்குனேன்," என்றார் இவர்.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். துரை ஒரு கரண்டியைத் திருப்பினார். முகம் சுருங்கியது.

"இது யாரு தேச்சது?"

"அதுவும் நாந்தான் தொர."

நான் வாயைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை இவர் விரித்து, வேண்டாம் என்று அசைத்தார். குழம்பில் உப்பு கூடினால்கூட எசமானிடம் தானே போய்ச் சொல்லிவிடுகிற மனுஷர். துரை இவருடைய ஒட்டிய கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியை மூடி, "நாளைக்கு வேலைக்கு வா" என்றார்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"ஒன்ன ஒரு வார்த்த சொல்லிட்டார்னா நான் மறுபடி அங்க சமைக்க முடியுமா?" என்றார், என்னைப் பார்க்காமலே.

எனக்காக ஒருவர் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தன் காலால் நடந்து போகிற அந்த மனிதரின் பின்னாலேயே நடந்தேன்.