ரந்தாவ் டயர் கடையில் நான் நடத்திய வகுப்பு

வங்கியின் கார்டு பிரிவில் அதிகாரியாகப் பதவி உயர்ந்ததும் நான் நடத்திய முதல் வகுப்புக்கு இரண்டே பேர்தான் இருந்தார்கள். அவர்களிலும் ஒருவர் வகுப்புக்கென்று வந்தவர் இல்லை.

இடம், ரந்தாவ் என்ற சிற்றூரில் மணியம் அண்ணனின் டயர் கடை. எங்கள் வங்கியின் கார்டு மெஷினை அங்கே புதிதாக வைக்கிறோம். அதற்காக ராசா ஊரிலுள்ள எங்கள் கிளையிலிருந்து டை கட்டிக்கொண்டு, லேப்டாப்போடு போயிருந்தேன்.

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே குமரேசன் உள்ளே வந்தார். பக்கத்து எஸ்டேட்டில் குடியிருப்பவர். செம்பனை எண்ணெய் ஆலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஷிப்ட் நேரத்துக்கு பஸ் கிடையாது. திங்கட்கிழமைக்குள் மோட்டார் சைக்கிள் வாங்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பழைய மோட்டார் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். விற்பவர் ரொக்கம்தான் கேட்டார். இவர் கையிலோ கொஞ்சம் காசும் ஒரு கிரெடிட் கார்டும்தான்.

“அண்ணே, டயர் வாங்குன மாதிரி கார்டுல இழுத்துட்டு எனக்குக் காசா குடுங்க. கமிஷன் எடுத்துக்குங்க.”

மணியம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “என்னலா சார், செய்யலாமா?”

இதற்காகவே பிறந்தவன்போல லேப்டாப்பைத் திறந்தேன். கார்டில் பொருள் வாங்கினால், கெடுவுக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் வட்டி இல்லை. ரொக்கம் எடுத்தால் உடனே கட்டணம். வட்டியும் அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும். கையில் காசு தீர்ந்தவர்தான் அப்படி எடுப்பார் என்று வங்கிக்குப் பயம். அதனால்தான் கார்டின் வரம்பில் ஒரு பகுதிக்குமேல் ரொக்கமாகத் தராது. அதைத் தாண்டப் பொய் விற்பனை செய்தால் கடையின் மெஷினைப் பிடுங்கிவிடுவார்கள். நாளைக்கு வாடிக்கையாளர் ‘டயரே வரவில்லை’ என்று புகார் செய்தால், அந்தப் பணமும் கடைக்காரர் தலையில் விடியும்.

என் பேச்சு எனக்கே மிகவும் பிடித்திருந்தது. குமரேசன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க சார். இப்ப நான் காசுக்கு எங்க போறது?”

ஸ்லைடுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவரை என் காரிலேயே ஏடிஎம்முக்கு அழைத்துப் போனேன். அது தர ஒப்புக்கொண்ட தொகை போதவில்லை. எங்கள் கால் சென்டருக்கே போன் போட்டேன். எடுத்தது முன்பு நான் பயிற்சி கொடுத்த சாந்தி.

“ரொக்க வரம்ப கொஞ்சம் ஏத்திக் குடும்மா, அவசரம்.”

“முடியாது சார். அவசரம்னு சொல்றவங்ககிட்டதான் ரொம்ப கவனமா இருக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?”

அந்தக் குரலின் கனிவுகூட நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

கடைக்குத் திரும்பினோம். மோட்டாரை விற்கும் லெட்சுமணன் வாசலில் காத்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர்.

“காசு இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடறேன்லா. வேன் டயரு நாலும் மொட்டையாப் போச்சு. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு எப்படி ஓட்டறது? டயர் மாத்தத்தானே மோட்டாரையே விக்கிறேன்.”

மணியம் அண்ணன் சிரித்துவிட்டார். குமரேசன் அண்ணாந்து, கடை முழுக்கத் தொங்கிய டயர்களைப் பார்த்தார். நான் மட்டும் லெட்சுமணனிடம் ரொக்கக் கட்டணத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்திருந்தேன்.

மணியம் அண்ணன் குறுக்கிட்டார். “சார், கொஞ்சம் சும்மா இருங்க. இவரு வேனுக்கு நான் டயர் போடறேன். குமரேசன் கார்டுல கட்டட்டும். மோட்டார் விலையில மிச்சத்த கையில உள்ள காசுல இவருகிட்ட குடுக்கட்டும்.”

இதில் ஏதாவது விதிமீறல் உண்டா என்று மனத்துக்குள் துழாவிப் பார்த்தேன். டயர் நிஜம், விலை நிஜம், வேனும் கண்ணெதிரே நின்றது. புது மெஷினின் முதல் விற்பனை அதுதான். நான் செய்த ஒரே உதவி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தது.

திங்கட்கிழமை குமரேசன் வேலைக்குப் போனார். டயர் பணத்தை ஒரே மாதத்தில் கட்ட முடியவில்லை. கொஞ்சம் வட்டியும் கட்டித்தான் முடித்தார்.

இப்போதெல்லாம் கார்டில் ரொக்கம் வேண்டும் என்று யார் வந்தாலும், “காசு எதுக்கு?” என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேருக்கு வேண்டியது கார்டிலேயே வாங்கக்கூடிய பொருளாக இருக்கிறது. ஆனால் அது தெரிய, அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பயிற்சி எனக்கு இன்னும் முடியவில்லை.