வெள்ளைப் பெட்டியும் பக்கத்துப் பெட்டியும்

கடை ஓடினால் என் கணவர் ஊரில் இருப்பார். ஓடாவிட்டால் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போவார். கல்யாணமான புதிதில் என் மண்டைக்குள் இருந்தது இது ஒன்றுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்கு இது புரியும். போர்வெல் போடும் வண்டி வாசலை விட்டுக் கிளம்பினால் வீட்டு ஆண் ஒருவர் கூடவே போக வேண்டும். டிரைவர், டிரில்லர், ஆட்கள் எல்லோரும் இருந்தாலும் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர் வேண்டும். அவர் திரும்பி வருவது அந்த ஊரில் மழை பிடித்துப் போர் வேலை எப்போது நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

என் கணவருக்கு ரிக் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். வீடியோ கேம் அதைவிடப் பிடிக்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, கல்லூரிப் பையன்கள் மணிக்கணக்கில் ஆட கேம் கடை போட்டிருந்தார். மாமனார் தடுக்கவில்லை. "பாரு. ஓடலீன்னா அடுத்த வண்டில நீ ஏறிக்கோணும்" என்று மட்டும் சொன்னார். என் கணவரின் அண்ணன் ஏற்கெனவே ஒரு வண்டியோடு சத்தீஸ்கரில் கிடந்தார். வீட்டில் இரண்டாவது ரிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் புதிய விளையாட்டுப் பெட்டிகள் வந்தன. பழைய பெட்டியோடு இனிக் கடை நடத்த முடியாது. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். படம் பளிச்சென்று தெரியும் புது வகை டிஸ்க்குகள் இரண்டு வந்திருந்தன. ஒன்று ப்ளூ-ரே, இன்னொன்று ஹெச்.டி. டிவிடி. பார்க்க ஒரே வட்டம், ஒரே பளபளப்பு. ஆனால் ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. சினிமாக் கம்பெனிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்று உலகம் முழுக்கப் பேச்சு. புதிய பெட்டிகளில் ஒன்று கறுப்பு, இன்னொன்று வெள்ளை. கறுப்புப் பெட்டி ப்ளூ-ரேயைத் தன் வயிற்றிலேயே வைத்திருந்தது. அதன் கேம்களும் அதில்தான் வந்தன. வெள்ளைப் பெட்டியின் கேம்கள் சாதாரண டிவிடியில் வந்தன. ஹெச்.டி. டிவிடியில் படம் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி வயர் போட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

நான் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். கறுப்பு வாங்குங்கள் என்றேன். என் கணவர் ஒரு நாள் கறுப்பு என்பார், மறுநாள் வெள்ளை என்பார். பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன மாமியார், "பூ கேட்டுப் போடலாம்" என்றார்.

எங்கள் பக்கம் இது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் என்று கட்டி அம்மன் முன்னால் வைத்து, சின்னக் குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெண் கொடுப்பதா, காடு தோட்டம் வாங்குவதா, கிணறு எங்கே தோண்டுவது, எல்லாவற்றுக்கும் பூ கேட்பார்கள். வெள்ளைப் பெட்டிக்கு வெள்ளை அரளி. கறுப்பில் பூ ஏது? அதனால் அதற்குச் சிவப்பு அரளி. உலகத்துப் பெரிய கம்பெனிகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயத்தை, ஜடை போட்ட ஒரு பெண் குழந்தை மூக்கைத் துடைத்தபடி ஒரு நொடியில் முடித்துவைத்தாள். வெள்ளை. எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. புது மருமகள் அம்மனோடு சண்டைக்குப் போக முடியுமா?

வெள்ளைப் பெட்டி வந்தது. பக்கத்துப் பெட்டியையும் கொஞ்சம் படங்களையும் என் கணவரின் சிநேகிதர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். பெரிய தட்டை டிவியும் வந்தது. பையன்கள் வகுப்பைக் கட் அடித்துவிட்டு வந்து ஆடினார்கள். ஒருநாள் மாமனார் மாடியேறி வந்து, கடலுக்கடியில் எடுத்த ஒரு படத்தைச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பார்த்தார். "என்ற பையன் கடைல மீனோட செதிலை எண்ணலாமுங்க" என்று தெருவெல்லாம் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அந்த டிஸ்க்தான் கடை. பையன்கள் ஆடியதை அவர் கவனிக்கவே இல்லை.

இரண்டாயிரத்து எட்டு பிப்ரவரியில் ஹெச்.டி. டிவிடி தோற்றது. அதைச் செய்துவந்தவர்களே இனிச் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கும் என் மாமனாருக்கு அது தப்புமா? காலையில் வந்து பேப்பரை மடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"உங்க டிஸ்க்கு செத்துப்போச்சாமா."

என் கணவர் இட்லியைப் பிட்டபடியே இருந்தார்.

"வண்டி வேலை முடிஞ்சுது. வெள்ளிக்கெழம பூசை. நீ ஏறிக்கோ" என்றார் மாமனார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். மாமியாரோ, அம்மன் கொடுத்த பூ இப்படிப் பண்ணிவிட்டதே என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்று புதன்கிழமை. சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் கையைக் கழுவப்போன கணவரைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வேண்டாம் என்ற பெட்டிக்காக நானே வாதாட வேண்டிய நிலை.

"மாமா, செத்தது பக்கத்துப் பெட்டிதானுங்க. வெள்ளைப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. கேம் எல்லாம் சாதா டிவிடிதானுங்க."

"ரெண்டும் ஒண்ணா வாங்குனதுதான அம்மிணி?"

"ரிக்குக்குப் பின்னால ராடு ஏத்திக்கிட்டு ஒரு வண்டி போகுதில்லீங்க. அது நின்னுபோச்சுன்னா ரிக்கைக் காயலாங்கடைல போட்டுருவீங்களா? அம்மன் வெள்ளைப் பெட்டிக்குத்தானுங்க பூ குடுத்துச்சு. பக்கத்துப் பெட்டிக்கு யாரு கேட்டா?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமியார் இந்தப் பக்கம் திரும்பினார். மாமனார் பேப்பரை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாரேன். காட்டு" என்றார்.

வியாழக்கிழமை காலை அவர் மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கரண்ட் போனது. அந்த வருடம் மின்வெட்டு நேரம் காலம் பார்க்காமல் வந்துகொண்டிருந்தது. எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனுக்கே திணறும். அவருக்கோ ரிக் கட்டிய பட்டறையில் கணக்குத் தீர்க்கும் வேலை காத்திருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார். என் கணவர் ஜன்னலோரம் நின்றார். நான் பக்கத்துப் பெட்டியின் வயரைப் பிடுங்கி அதை மேசைக்கடியில் தள்ளினேன். எழுந்து போய்விட்டால் இன்னொரு தரம் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உக்காருங்க மாமா. இப்ப வந்துரும்."

"பூசைச் சாமானம் இன்னும் வாங்கலியே."

"நான் வாங்கிட்டு வாரேனுங்க. நீங்க உக்காருங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. மாமனாரை அதட்டிய மருமகள் என்று ஊர் பேசினாலும் பேசட்டும். அவர் உட்கார்ந்தார். கீழே ஜெராக்ஸ் கடையில் மெஷின் உறுமியது. கரண்ட் வந்துவிட்டது; எங்கள் ஃபேனும் வேகமெடுத்தது. கார் ரேஸ் டிஸ்க்கைப் போட்டேன். டிவி கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு சாலை வந்தது; கார் வந்தது; என்ஜின் சத்தம் அறையை நிறைத்தது. கன்ட்ரோலரைக் கணவர் கையில் திணித்தேன். அவர் ஒரு சுற்று ஓட்டினார்.

மாமனார் கடைசிவரை பார்த்தார். "இது ஓடுதே" என்றார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்: "சரி, பையன் இருக்கட்டும். நான் ஏறிக்கறேன்."

எனக்கு அப்போது அவருடைய முழங்கால் வலி நினைவுக்கு வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது. சந்தோஷத்தில் பூசைச் சாமானோடு யாரும் கேட்காத மைசூர்பாகும் வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் பூசை நடந்தது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடியில் சந்தனம், மாலை. மாமனார் வெள்ளைச் சட்டையோடு வந்தார். ரிக் வண்டியின் ஏறுபடி உயரம். ஒரு காலைத் தூக்கி வைத்தார், உடம்பு எழவில்லை. இறக்கினார். மறு காலை வைத்துப் பார்த்தார். ஆட்கள் யாரும் கை கொடுக்கவில்லை, கொடுத்தால் திட்டுவார். மாமியார் தட்டில் கற்பூரத்தோடு நின்றார்.

என் கணவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டு நடந்து போய், "எறங்குங்கப்பா" என்றார். மாமனார் இறங்கினார். தோளிலிருந்த துண்டை எடுத்து மகன் தோளில் போட்டார்.

"கடைய நீ பாத்துக்குவ புள்ள" என்றார் என் கணவர், மேலே ஏறி உட்கார்ந்து. மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

பத்து மணிக்குக் கடையைத் திறந்தேன். வேறென்ன செய்வது? பையன்கள் வந்தார்கள், ஆடினார்கள். மறுநாளும் வந்தார்கள். மாமனார் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு மாடியேறி வந்து, வைத்துவிட்டுப் போவார். நாக்பூர் தாண்டி எங்கேயோ இருந்து ஒரு சாயங்காலம் கணவரின் போன் வந்தது. பின்னால் ரிக்கின் கம்ப்ரஸர் சத்தம்.

"கடை ஓடுதா புள்ள?"

"ஓடுதுங்க. நீங்க இங்க இருக்கோணும்னுதான் அதை ஓட வெச்சேன். அது உங்களுக்குத் தெரியுமாங்க?"

கம்ப்ரஸர் சத்தம் குறைந்தது; அவர் தள்ளி நடந்திருக்க வேண்டும்.

"தெரியும். அன்னிக்கு வாசல்ல நீ கைய இன்னொருக்கா புடிச்சிருந்தா நான் நின்னிருப்பேன். அப்பாதான் ஏறியிருப்பாரு."