பச்சைத் தாளில் அறுபத்தொன்று

எங்கள் குசினி அலமாரியில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது. பிஸ்கட் தீர்ந்து பல வருடமாயிற்று. இப்போது அதற்குள் கிடப்பவை மற்றவர்கள் சொன்ன சொற்கள். பஸ்ஸில் ஒரு கிழவி தன் நாய்க்குச் சொன்னது, கோயில் அன்னதானத்தில் வாளியோடு நின்றவர் சொன்னது, டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் கிடைக்காமல் அலுவலக வாசலில் காத்து நின்ற ஒருவர் வானத்தைப் பார்த்துச் சொன்னது. நல்லதாக ஒரு சொல் காதில் விழுந்தால் கைக்குக் கிடைத்த தாளில் எழுதி, திகதி போட்டு, உள்ளே போட்டுவிடுவேன். படித்தவர்கள் புத்தகம் சேர்க்கிறார்கள், எனக்கு வாய்த்தது இது. அந்தக் குவியலில் நாலாக மடித்த பச்சைத் தாள் ஒன்று உண்டு. இந்த நாட்டில் எங்கே கை கழுவினாலும் சுவர்ப்பெட்டியில் இருந்து இழுத்துத் துடைப்போமே, அந்தச் சொரசொரத்த தாள். ஒரு பக்கத்தில் என் நீலப் பேனை எழுத்து. மறுபக்கத்தில் பென்சிலால் நாலு எண்கள். நாலாவதைச் சுற்றி ஒரு வட்டம், அதன் பக்கத்தில் ஒரு சொல். அந்தச் சொல்லை எழுதியவளை நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் பெர்லினுக்கு வந்த காலத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் எச்சில் தட்டுக் கழுவினேன். இப்போது பல்கலைக்கழகத்து உயிரியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறேன். கழுவுவதில் மேல்படிப்புப் படித்தவன் நான்தான் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. கழுவும் அறையில் இரண்டு பெரிய மெசின்கள், ஒரு நீராவி அடுப்பு. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் கிருமி, காளான், ஈஸ்ட் எதுவானாலும் வேலை முடிந்ததும் பையில் கட்டி என்னிடம் வரும். நீராவியில் அவித்து உயிரில்லாமல் ஆக்கிய பிறகே குப்பைக்குப் போகலாம். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றது. மிச்சத்தை அந்த அறையில் நின்றபடி கேட்டுக் கேட்டுப் படித்தேன். என்னத்துக்கு இது, ஏன் இப்படி நாறுது என்று கேட்டால் விஞ்ஞானிகள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களிடம் அப்படிக் கேட்கிறவர்கள் குறைவு.

தங்கச்சி சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஊரில் எம்எஸ்சி முடித்துவிட்டு ஓர் ஆண்டுப் படிப்புக்கு வந்திருந்தாள். ஹானர்ஸ் ஆண்டு என்று சொல்வார்கள். வகுப்புக் குறைவு. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் உழைக்க வேண்டும். கடைசியில் ஆய்வேடு. அது நன்றாக அமைந்தால் அதே பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்கும், அங்கிருந்து ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கும். அவளுக்கு வேறு வழியே மனதில் இருக்கவில்லை. "எனக்கு இதத் தவிர ஒண்ணும் வராதுண்ணா, சமையல் உட்பட" என்று சொல்வாள். நான் எதற்கும் ஓம் ஓம் என்று தலையாட்டுவதைப் பார்த்து, "என்னண்ணா, யாகமா வளக்குறீங்க?" என்று சிரிப்பாள். முதல் வாரமே தன் குடுவைகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, எந்தச் சோப்பு, எத்தனை முறை அலசுகிறீர்கள் என்று கேட்டவள் அவள். அத்தனை வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள்.

அவள் வேலை ஈஸ்ட்டைப் பட்டினி போடுவது. நாலு குடுவையில் ஒரே வகை ஈஸ்ட். சர்க்கரை கிடையாது, வெறும் தண்ணீர். குறித்த நாட்களுக்குப் பிறகு ஒவ்வொரு குடுவையிலும் ஒரு துளி எடுத்து சர்க்கரைக் கூழ் உறைய வைத்த சின்னத் தட்டில் பரப்பினால், உயிரோடு இருப்பவை மட்டும் வெள்ளைப் புள்ளியாக முளைக்கும். புள்ளிகளை எண்ண வேண்டும். கையுறை போட்ட கையோடு கொப்பியைத் தொடக் கூடாது என்று நினைத்து, பக்கத்தில் கிடக்கும் பச்சைத் தாளில் பென்சிலால் எண்ணைக் குறித்துக்கொள்வாள். பின்னேரம் கை கழுவி உட்கார்ந்து, ஆய்வுக்கூடத்துத் தடித்த அட்டைக் கொப்பியில் கோடு போட்டு அழகாக ஏற்றுவாள். தாள் குப்பைக்கூடைக்குப் போகும். எண்ணிய தட்டுகள் என்னிடம் வரும். ஒருநாள் அவள் மேசையிலிருந்த தாளைக் காட்டி, இது வேணுமோ தங்கச்சி என்று கேட்டேன். "நோட்ல ஏத்திட்டேண்ணா, எடுத்துப் போட்டுருங்க" என்றாள்.

அந்தக் கொப்பியை அவள் எனக்குக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஒரே மையில், ஒரே சரிவில் எழுத்து. ஒரு வெட்டுக்கூட இல்லை. அவள் படித்த கல்லூரியில் ரெக்கார்ட் நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருந்தால் முகத்தில் விட்டெறிவார்களாம். முதலில் கரட்டுத்தாள், பிறகு சுத்தப்பிரதி, விடை புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதேதான் என்றேன். "அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு தங்கச்சி" என்றேன். முகம் மலர்ந்து போனாள். அந்த நேரம் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அம்மா உள்ளே வந்தார். முப்பது வருடமாக அங்கே இருக்கும் ஜெர்மன்காரி. எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் புத்தகம் அழகிப் போட்டிக்குப் போகப்போவதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போய் அன்றைக்கே எழுதித் தகரத்தில் போட்டேன். சொல்லின் ருசியைப் பார்த்தேனே தவிர, அதற்குள் இருந்த எச்சரிக்கையை நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அங்கே கொப்பி என்பது வேலை நடக்கும்போதே, நடக்கிறபடியே, கறையோடும் வெட்டோடும் எழுதப்பட வேண்டியது. முதல் நாளே சொல்லித்தான் இருப்பார்கள். ஆனால் கையில் பதினைந்து வருடப் பழக்கம் இருக்கிறவளுக்கு ஒருநாள் சொன்னது எங்கே ஒட்டும்?

மாசி மாதக் குளிரில் ஒரு பின்னேரம், தட்டுகளை எடுக்கப் போனேன். அவள் எண்ணிக் கொப்பியிலும் ஏற்றி முடித்திருந்தாள், முகம் சரியில்லை. என்னவாம் உம்மடை பிள்ளையள் என்று கேட்டேன். ஈஸ்ட்டுகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவள் தட்டுகளைப் பார்த்தபடியே, "பசிச்சாத்தாண்ணா அதுங்க உண்மையச் சொல்லும்" என்றாள். விடக்கூடாத சொல். என் சட்டைப்பையில் பேனை இருந்தது, தாள் இல்லை. குப்பைக்கூடையின் மேலாகக் கிடந்த பச்சைத் தாளை எடுத்து, எழுத்தில்லாத பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, மடித்துப் பையில் வைத்தேன். "இதையுமா எழுதுறீங்க?" என்று கேட்டாள். பிறகு அந்தத் தட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு போய் அவித்தேன்.

வசந்தகாலத்தில் அவள் முடிவுகளைப் பார்த்துப் பேராசிரியர் மகிழ்ந்து போனார். அவளுடைய ஈஸ்ட் பட்டினியிலும் சாகாமல் நிற்கிறது. முனைவர் இடம் ஏறக்குறைய உறுதி, கையெழுத்து மட்டுமே பாக்கி. அந்த வாரம் முருகன் கோயிலுக்கு வந்து ஒரு தேங்காய் உடைத்தாள். அதற்குப் பிறகுதான், அதே வேலையைத் தொடரவேண்டிய ஓர் ஆராய்ச்சி மாணவர் அவள் செய்ததைத் திரும்பச் செய்து பார்த்தார். சில குடுவைகள் அவள் சொன்னபடி நின்றன. சில குடுவைகளில் பாதிக்குமேல் செத்துக் கிடந்தன. உனக்கு எப்போதாவது இப்படி ஆனதா என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் இருப்பதுதான் என்று சொல்லியிருக்கிறாள். அவர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். மாதக்கணக்காக ஒரே அமைதியான கை. ஒரு தவறு இல்லை, ஒரு துளி சிந்திய அடையாளம் இல்லை. இது ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்ட புத்தகம் இல்லையே, முதலில் எழுதியது எங்கே என்று கேட்டார். கைதுடைக்கும் தாளில் என்றாள். தாள் எங்கே? குப்பையில். தட்டுகள்? அவற்றை நான் அவித்துவிட்டிருந்தேன். அவளுடைய சாட்சிகளை எல்லாம் நீராவியில் வைத்தவன் நான்.

அடுத்த நாள் கண் வீங்கி வந்து நின்றாள். "அண்ணா, நீங்க பாத்தீங்கல்ல? நான் தாள்ல எழுதுனத பாத்தீங்கல்ல?" ஓம், கேட்டால் சொல்லுறன் என்றேன். பொறுப்பாளர் அம்மா கழுவும் அறைக்கே வந்து கேட்டார். நேர்மையான மனுஷி, அவளுக்காகவே கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அவள் தாளில் எழுதியதைப் பார்த்தீர்களா? பார்த்தேன். அதில் இருந்த எண்களைப் பார்த்தீர்களா? அதே எண்கள்தான் புத்தகத்தில் இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியுமா? மெசின் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏலாது என்றேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த மடித்த தாள் அப்போதும் என் குசினியில் தகரத்துக்குள் இருந்தது. அது எனக்கு நினைவில் வரவில்லை. எனக்கு அது அவள் சொன்ன சொல் எழுதிய தாள், மறுபக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

ஆய்வேட்டுக்குத் தேர்ச்சி என்று போட்டார்கள், அதுவும் அடிமட்ட மதிப்பில். முனைவர் இடம் இல்லை. பேராசிரியர் அவளிடம் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள். "நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மை சொன்னீர்கள் என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை." எத்தனையோ சொல்லை எழுதி வைத்தவன், அதை எழுதி வைக்கவில்லை. வேறு பேராசிரியர்களுக்கும் எழுதிப் பார்த்தாள். எல்லோரும் பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். கடைசியில் மியூனிக்கில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்தது, கல்லூரித் தோழி ஒருத்தி மூலமாக.

அவள் புறப்படுவதற்கு ஐந்தாறு நாள் முன்பு, அவளுக்கு எழுதிக் கொடுக்க ஒரு நல்ல சொல் தேடித் தகரத்தைக் கொட்டினேன். பச்சைத் தாள் தலைகீழாக விழுந்தது. 212. 198. 205. நாலாவது 61, வட்டம் போட்டு. பக்கத்தில் தமிழில், "ஏன்?"

அடுத்த நாள் வேலைக்குப் போனவுடன் கொப்பிகள் அடுக்கிய அலமாரிக்குப் போனேன். எழுதியவர் போனாலும் கொப்பி ஆய்வுக்கூடத்தைவிட்டுப் போகாது. நான் போட்டிருந்த திகதியைக் கொண்டு பக்கத்தைத் தேடினேன். அழகான கட்டத்துக்குள் 212, 198, 205. கீழே சராசரி, இரண்டு கோடு. அறுபத்தொன்று இல்லை. மூன்று குடுவை என்று எழுதியிருந்தாள். கொப்பியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கழுவும் அறையில் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நொய்கெல்னில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். எனக்குத் தருவதற்கென்று தன் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தேநீர் வந்த பிறகு தாளை மேசையில் விரித்து வைத்தேன். குனிந்து பார்த்தாள்.

"இதக் குடுத்தா என்னண்ணா ஆகும்?"

"நீர் எண்ணினது மெய்யெண்டு தெரியும்."

"ஒண்ண விட்டுட்டேன்னும் தெரியும்ல."

நான் தேநீர்க் கோப்பையைத் தாளில் படாமல் தள்ளி வைத்தேன்.

"காலேஜ்ல ஒண்ணு இப்படித் துருத்திட்டு நின்னா, பக்கத்து பெஞ்ச பாத்து சரி பண்ணிக்கோம்பாங்க. நான் அதக்கூடப் பண்ணலண்ணா. கெட்டுப்போன குடுவைன்னு விட்டுட்டேன். ரெக்கார்ட்ல அசிங்கமா இருக்குமேன்னு." விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தாள். "இத எழுதினது ஞாபகமே இல்ல. இத மட்டும் நோட்ல ஏத்தியிருந்தா போதும்லண்ணா?"

போதும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைக்காரர் இன்னொரு வடை வைக்கவோ என்று கேட்டார், வேண்டாம் என்றோம். பொறுப்பாளரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், என்ன வந்தாலும் வரட்டும் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பொய்க்காரி என்று யாரும் சொல்லாமல் இப்போது போகிறேன், இதைக் காட்டினால் மறைத்தவள் என்று சொல்லிப் போக வேண்டிவரும் என்பதுபோல ஏதோ சொன்னாள். தாளை மடித்த மடிப்பிலேயே மடித்து என் பக்கம் தள்ளினாள். "நீங்களே வச்சுக்கங்க. பின்னாடி என் டயலாக் இருக்குல்ல." சிரிக்கப் பார்த்தாள். யூபான் ரயிலுக்கு இறங்கும் படிக்கட்டு வரை போய் வழியனுப்பினேன். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வந்தது. அடுத்த பொங்கலுக்கு வரவில்லை.

அவள் சொல்லைக் கேட்டது சரியா என்று இன்றும் தெரியவில்லை. அந்த அறுபத்தொன்றுக்குக் காரணம் என் கழுவலாகக்கூட இருக்கலாம், சோப்பு சரியாக அலசாமல் போன ஒரு குடுவையாக. முதல் வாரத்தில் என்னிடம் அதைத்தானே கேட்டாள். இல்லை, ஈஸ்ட் உண்மையாகவே ஏதோ சொல்ல வந்திருக்கலாம். அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போன கிழமை ஆய்வுக்கூட நடைவழியில் புதிதாக ஒரு பெரிய சுவரொட்டி ஒட்டினார்கள். அந்த ஆராய்ச்சி மாணவரின் முனைவர் பட்ட வேலை. தள்ளுவண்டில் நிறையக் குடுவையோடு நின்று என் ஜெர்மன் அறிவைக்கொண்டு தலைப்பை மெல்ல வாசித்தேன். ஒரே பட்டினியில் சில குடுவைகள் மட்டும் ஏன் சாகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. நல்ல பெடியன், அவரில் ஒரு பிழையும் இல்லை. இந்த வருடத்து ஹானர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று அதைப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அவளுடைய மியூனிக் தொலைபேசி இலக்கத்தைத் திறந்து, படத்தைச் சேர்த்து, அனுப்பாமல் அழித்தேன்.

வீட்டுக்கு வந்து தகரத்தைத் திறந்தேன். என் பேனை எழுத்து அப்படியே இருக்கிறது. மறுபக்கத்துப் பென்சில் தேய்ந்துகொண்டு வருகிறது. இருநூற்றுப் பன்னிரண்டும் நூற்றுத் தொண்ணூற்றெட்டும் இனித் தெரியாது, மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது. வட்டத்தையும் அந்தச் சொல்லையும் மட்டும் அவள் தாள் கிழியுமாப்போல அழுத்தி எழுதியிருக்கிறாள். விரலால் தடவினால் இன்னும் தட்டுப்படுகிறது.