உப்பு ஏற்றி வந்த மருமகன்

எங்கள் கடைப் பலகையில் முதல் முதலாளியின் பெயரும், அதற்குப் பின்னால் 'அன்ட் சன்ஸ்' என்றும் எழுதியிருந்தது. அந்தக் கடையில் எந்தக் காலத்திலும் எந்த மகனும் இருந்ததில்லை. முதல் முதலாளிக்கு நான்கு ஆண்பிள்ளைகள். நான்கு பேரும் கலியாணம் கட்டி, மட்டக்களப்பு வழக்கப்படி, பெண் வீட்டோடு போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, வீட்டைச் சுற்றிய வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை என்பவர் ஒரு சூட்கேஸோடு வந்து சேருகிற ஆள். எங்கள் வீட்டில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடியிருப்பு. ஆகவே வீட்டைச் சீதனமாக எடுக்கிற பெண்ணுக்குக் கடையும் சேர்ந்து வரும். அவளைக் கட்டுகிறவன் பட்டறையில், அதாவது கடை வாசலில் முதலாளி இருக்கும் அந்த மேசையடியில், போய் உட்கார்ந்துகொள்வான். பெரிய கடை என்றால் சன்ஸ் இருக்கத்தானே வேண்டும் என்று பலகை எழுதினவரே போட்டுவிட்டாராம். பிழையைத் திருத்த மூன்று தலைமுறைக்கும் நேரம் கிடைக்கவில்லை.

முதல் முதலாளி பழுகாமத்திலிருந்து தோணியில் நெல் மூட்டைகளோடு உவர்நீர் வாவியைக் கடந்து வந்து, மூட்டை இறக்கிய வீட்டிலேயே பெண் கட்டியவர். நெல், தேங்காய், புளி என்று சில்லறையாகத் தொடங்கினார். அவருடைய மூத்த மகளைக் கட்டிக்கொண்டு கல்லடியிலிருந்து பாலம் கடந்து வந்தவர் என் மாமனார். அவர் கொழும்பு வியாபாரிகளைப் பழக்கம் பிடித்து, சீனியும் பருப்பும் மாவும் லொறியில் இறக்கி, கடையை மொத்த வியாபாரமாக்கினார். மூன்றாவதாக வந்தவன் நான். வந்தாறுமூலையில், பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். சண்டைக் காலம், வளாகத்தைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்கள். பூட்டியிருந்த ஒரு தவணையில் எனக்குக் கலியாணம் நடந்தது. இரண்டு பெட்டி புத்தகத்தோடு வந்து சேர்ந்தேன். மாமா ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். பாரமாக இருந்ததில் அவருக்குச் சந்தோசம். திறந்து பார்த்த பிறகு அந்தச் சந்தோசம் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு மருமகன் முதலாளியாவதற்கு மாமா ஒரு பரீட்சை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சாக்குக்குள் கையை விட வேண்டும். என்ன அரிசி, எந்தப் போகம், எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்று கை சொல்ல வேண்டும். என் கை ஒரு வருடமாக ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை துணிந்து "பச்சையரிசி" என்றேன்.

"அது உளுந்து, மனே," என்றார் மாமா. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அந்தப் புரட்டாதிக் கடைசியில், பல நாளாகப் பூட்டிக் கிடந்த கொழும்புப் பாதை ஒருவாறு திறந்தது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு முழங்கால் வீக்கம். சோதனைச் சாவடிக்குச் சாவடி லொறியிலிருந்து இறங்கி ஏறி நடக்க அவரால் முடியாது. ஆகவே என்னை அனுப்பினார். கையில் பட்டியலும் தந்தார்: சீனி, பருப்பு, கோதுமை மா, பால்மா, வெங்காயம், செத்தல் மிளகாய்.

பட்டியலை நான் மதித்தேன். ஆனால் சரித்திரத்தையும் மதித்தேன். எத்தனையோ கோட்டை முற்றுகைகளைப் பற்றி வாசித்தவன் நான். முற்றுகை நீண்டால் முதலில் தீர்ந்துபோவது எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். குதிரையைத் தின்ற வீரர்கள்கூட, குதிரையைப் பற்றி முறைப்பட்டதில்லை. உப்பில்லாமல் தின்றதைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புக்கும் அந்த நிலைமை வரத்தான் போகிறது, அப்போது மாவட்டம் முழுக்க எங்கள் கடை வாசலில் நிற்கும், மாமா எழுந்து வந்து என் கையைப் பிடிப்பார். இதையெல்லாம் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். உப்பு விற்ற மொத்த வியாபாரி, "எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்க தம்பி, இதுக்கு ஆளே இல்ல" என்றார். அது எச்சரிக்கை என்பது எனக்கு விளங்கவில்லை. வாய்ப்பு என்றே விளங்கியது.

திரும்பும் வழியில் ஒவ்வொரு சாவடியிலும் மூட்டைகளை இறக்கினோம், ஏற்றினோம். ஆமிக்காரர்கள் நீண்ட கம்பியால் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்த்தார்கள். ஒரு சாவடியில் இருந்த இளைஞன் கம்பி நுனியை நக்கிப் பார்த்துவிட்டு, எல்லாமே உப்பா என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். அவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். போர்க்காலத்தில் இரு இனங்களும் சேர்ந்து சிரித்த சந்தர்ப்பங்கள் குறைவு. ஒன்றுக்கு நான் காரணமாக இருந்திருக்கிறேன்.

லொறி கடை வாசலில் நின்றது. மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்ன மனே இது?"

"உப்பு, மாமா."

"தெரியிது. மற்றச் சாமான் எங்க?"

"அடியில இரிக்கி. மேல முக்கால்வாசியும் உப்புத்தான்."

மாமா என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துப் பேசினார். "ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் வாவி. நடுவால லொறியில உப்பு ஏத்திக்கிட்டு வந்திரிக்காரு என்ட மருமகன்."

மூன்றாம் நாள் பாதை மறுபடி பூட்டப்பட்டது. அந்தளவில் என் சரித்திரம் சரி. ஆனால் ஊரில் யாருக்கும் உப்புத் தட்டுப்பாடு வரவில்லை. ஒரு குடும்பம் ஒரு கொத்து அளவு உப்பை வாங்கினால் அடுத்த மாதம்தான் திரும்பி வரும் என்ற உண்மையை எந்தக் கோட்டைத் தளபதியும் எழுதி வைக்கவில்லை. சீனி கேட்டு வந்தவர்களிடம் சீனி இல்லை என்றோம். பருப்புக் கேட்டவர்களிடம் பருப்பு இல்லை என்றோம். "என்னதான் இரிக்கி?" என்று கேட்டார்கள். மாமா என்னைக் காட்டினார்.

மாரி கிட்டிவிட்டது. காற்றில் ஈரம் ஏற ஏற, கம்பி குத்திய துளைகள் வழியே மூட்டைகள் வியர்க்கத் தொடங்கின. கிடங்குத் தரை நனைந்தது. அந்த நனைவு சுவரோரமாக நகர்ந்து சமைக்கிற குசினி வாசல்வரை வந்தபோது மாமி, என் மனைவியின் தாய், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து பார்த்தா. "கடல் வீட்டுக்குள்ள வந்திட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

அதோடு நின்றிருந்தால் நல்லது. வீட்டின் இளைய மகளுக்கு, என் மனைவியின் தங்கைக்கு, கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை, பேச்சில் 'இருப்பு', 'கொள்வனவு' என்ற சொற்கள். மாமாவுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கக் கண்ணில் நீர் வந்தது. வழக்கப்படி வீடும் கடையும் மூத்தவளுக்கு என்றுதான் வாய்ப்பேச்சில் இருந்தது. உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், இன்னும் எழுதவில்லை. மாமா இப்போது வாய்ப்பேச்சை மாற்றினார். வீடும் கடையும் இளையவளுக்கு. எங்களுக்கு வாவிக்கு அந்தப்பக்கம், போராளிகளின் கைக்குள் இருந்த பழுகாமத்தில் உள்ள வயல். வருகிற வெள்ளிக்கிழமை உறுதி எழுத நொத்தாரிசு வருவார்.

என் மனைவி பிறந்த அறை அந்த வீட்டில்தான் இருந்தது. அவள் அழவில்லை. என்னைத் திட்டவுமில்லை, திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இஞ்சாருங்க, வாங்கினது வாங்கிட்டீங்க. உப்ப எப்படி விக்கிற எண்டு எங்கயாவது வாசிச்சீங்களா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். வாசித்திருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை காலையில் நகரத்தில் சுற்றிவளைப்பு. ஒலிபெருக்கி ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னது. மாமாவும் நானும் போய் வரிசையில் குந்தினோம். முன்னால் ஒரு ஜீப்புக்குள் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். அவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அவன் தலையாட்டினால் திரும்பி வீட்டுக்கு வர முடியாது. அந்தத் தலை ஆடாமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் அவரவர் தெய்வத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் உப்பைப் பற்றிப் பேசினார்.

"வெள்ளிக்கிழமை நொத்தாரிசு வாறாரு," என்றார் உதட்டை அசைக்காமல்.

"மாமா, பழுகாமத்துக்கு இப்ப போக ஏலாதே."

"போகலாம். திரும்பி வரத்தான் ஏலா."

"எனக்கு வயல் வேலை ஒண்டும் தெரியாது."

"கடை வேலை தெரிஞ்சா இருந்த நீ?"

பேச வேண்டாம் என்று ஒரு ஆமிக்காரன் கத்தினான். மாமா தலையைக் குனிந்தார். அவன் நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். வெயில் அன்றைக்கென்று அப்படி எரித்தது. மத்தியானமளவில் என் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை உப்பாகப் படிந்திருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கும் அதுதான்போல," என்றார்.

ஜீப்புக்கு முன்னால் எங்கள் முறை வந்தபோது மட்டும் மாமா பேச்சை நிறுத்தினார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலிக்காகப் பிடித்ததாகப் பிறகு சொன்னார். மூடிய தலை ஆடவில்லை. நாங்கள் கடந்து போனோம். பத்தடி தள்ளிப் போனதும் கையை விட்டார். "அம்பது மூட்ட!" என்றார்.

பின்னேரம் வீடு வந்து சேர்ந்தோம். கடையில் ஒரு பலகைக் கதவு திறந்திருந்தது. பட்டறையில் என் மனைவி கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தாள். மாமா நேரே கிடங்குக்குப் போனார். உள்ளே வெறும் தரை, வெள்ளைப் படிவோடு.

"புள்ள, மூட்டையெல்லாம் எங்க?"

"கல்லடிக்குப் போயிட்டு, அப்பா."

"என்ன விலைக்குக் குடுத்த?"

"விலைக்கில்ல. கருவாட்டுக்கு."

நடந்தது இதுதான். மாரிக்கு முந்திய நாட்களில் கடல் அள்ளிக் கொடுக்கும். கல்லடிக் கரையில் மீன் குவிந்து கிடந்தது. கொழும்புக்கு ஏற்றப் பாதை இல்லை. வைத்திருக்க ஐஸ் இல்லை. வழக்கமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பெண் காலையில் பாலம் கடந்து வந்து, கூடையை இறக்கிவிட்டு, "கரையெல்லாம் நாறுது கா, ரெண்டு கொத்து உப்புத் தாங்க" என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு மீன் கிடக்கு?" சுற்றிவளைப்பில் தேடியது ஆண்களைத்தானே; மத்தியானத்துக்குள் கல்லடியிலிருந்து பெண்கள் ஓட்டிவந்த மாட்டு வண்டிகள் மூட்டைகளை ஏற்றிப் போயின. உப்பு எங்களுடையது, மீன் அவர்களுடையது, காய்ந்து வரும் கருவாட்டில் சரிபாதி. எங்களை மைதானத்தில் காயப் போட்ட அதே வெயில், பாலத்துக்கு அந்தப்பக்கம் மீனையும் காயப் போட்டிருக்கிறது.

"ஆர் உன்னப் பட்டறையில இரிக்கச் சொன்ன?" என்றார் மாமா.

"சும்மாதானே கிடந்திச்சி, அப்பா. ஆம்பிளயள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டீங்க."

வியாழக்கிழமை முதல் வண்டி கருவாடு வந்தது. வெள்ளிக்கிழமை வீடு, கடை, வளவு, கிணற்றடி எங்கும் அதே மணம். வாவிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோகத் தடைசெய்த சாமான்களின் பட்டியலில் பற்றரி இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது, சவர்க்காரம்கூட அளவோடுதான். கருவாடு இல்லை. பழுகாமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் துறையடிக்கு வந்து மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். என் உப்பை மூட்டைக்கு மூட்டை குத்திப் பார்த்த படையின் ஆட்களே, துறையடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினார்கள்.

சொன்னபடி நொத்தாரிசு வந்தார். சங்கக்கடை மாப்பிள்ளையும் தாயோடு வந்தார். வாசலிலேயே கைக்குட்டை வெளியே வந்துவிட்டது. உள்ளே வந்து இருந்தவர், கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தால்தானே வாய் தெரியும்.

"இந்த வியாபாரம் தொடர்ந்து நடக்குமா?" என்று கேட்டார்.

"பாத பூட்டியிரிக்குமட்டும் நடக்கும்," என்றாள் என் மனைவி.

"அப்ப எங்களுக்கு வயல் போதும்," என்றார் அவர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "பாதுகாப்பு வந்தாப் பிறகு வேளாண்மை செய்யலாம்." இளையவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்கும் கருவாட்டு மணம் ஆகாது.

மாமா தடியால் தரையைத் தட்டினார். "அப்ப கடைய மூத்தவளுக்கே எழுதுவம். ஆனா ஒண்டு. பட்டறையில ஆர் இரிக்கிற எண்டத நான்தான் சொல்லுவன்."

மூலையில் இருந்த மாமி முன்னால் வந்தா. வெற்றிலைச் சாற்றைப் படிக்கத்தில் துப்பிவிட்டு, "இந்தக் கடை ஆருட?" என்று கேட்டா.

மாமா நொத்தாரிசைப் பார்த்தார். நொத்தாரிசு பழைய உறுதியைப் புரட்டினார். அதில் மாமாவின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. முப்பது வருடமாக 'என்ட கடை, என்ட கடை' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அந்தக் கடிதாசியை அன்றைக்குத்தான் வாசித்தார் என்று நினைக்கிறேன்.

"கடை என்ட," என்றா மாமி. "இப்ப இவளுட. பட்டறையில இவளே இரிக்கட்டும். வீட்டுக்கு வாற மாப்பிள எல்லாரையும் அதுல இரித்திப் பாத்தாச்சி."

"மருமகன்ட பேரும் சேத்துப் போடவா?" என்று நொத்தாரிசு மரியாதைக்குக் கேட்டார்.

மாமி என்னைப் பார்த்தா. கண்ணில் கோபம் இல்லை. கொஞ்சம் வாஞ்சைகூட இருந்தது. "வேணாம்," என்றா. "அந்தாள் உறுதியக் குடுத்து உப்பு வாங்கிட்டு வரும்."

என் மனைவி இன்றைக்கும் பட்டறையில்தான் இருக்கிறாள். சாக்குக்குள் கையை விட்டு ஒருநாளும் அவள் அரிசி பார்த்ததில்லை. கொண்டுவந்தவன் முகத்தைப் பார்ப்பாள். 'அன்ட் சன்ஸ்' பலகையை மாற்றச் சொன்னேன். வாசிக்கிறவர்கள் குறைவு, பெயின்ற் விலை கூடுதல் என்றாள். நான் கிடங்கில் மூட்டைகள்மேல் சாய்ந்து வாசிக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு மாதம் மாமா கடைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் தடியை ஊன்றிக்கொண்டு கிடங்குக்கு வந்தார். எனக்குப் பக்கத்து மூட்டையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். அது உளுந்து மூட்டை. பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும். என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"அதுல அடுத்தது என்ன தட்டுப்பாடு வருமெண்டு போட்டிரிக்கி, மனே?"