இரண்டு மாதமாக எடுக்காத கார்

இன்று காலை, குரங்கணியில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது.

"மாமா, வெரசா வண்டிய எடுங்க!" என்று அவர் மகள் ஓடிவந்தாள்.

சாவியைத் திருகினேன். டிக் டிக் என்ற சத்தம் மட்டுமே வந்தது. இரண்டு மாதமாக எடுக்காத கார்.

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. பக்கவாதம், இன்னும் சீக்கிரம் வந்திருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அக்கா பிழைத்துவிட்டார். பேச்சு வரவில்லை.

சாயங்காலம் போடியிலிருந்து வந்த மெக்கானிக் சொன்னார்: "வண்டி சும்மா நின்னாலும் கடிகாரம், அலாரம்னு கரண்டை இழுத்துக்கிட்டேதான் இருக்கும்ணே. பேட்டரி தானாவும் எறங்கும். வாரத்துக்கு ஒருக்காவாச்சும் ஓட்டியிருக்கணும்."

 

தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன், சாவி மட்டும் போடவில்லை. உங்கள் வாசலில் நிற்கும் வண்டியை இப்போதே கிளப்பிப் பாருங்கள். கிளம்பியதா, சொல்லுங்கள்.